தரையில் விழுந்த பதினெட்டு

இந்தக் காலத்தில் வளர்ந்தவர்களுக்குக்கூட விளையாட்டுப் புத்தி போவதில்லை என்பது அந்த வாடகை மண்டபத்துக் காவல்காரரின் கட்சி. ஞாயிறுதோறும் நாலு பேர் வந்து மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவன் கதை சொல்வான். மற்ற மூவரும் அதில் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, அதைச் செய்கிறேன் இதைச் செய்கிறேன் என்று வாயாலேயே வீரம் காட்டுவார்கள். பலித்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். புள்ளகுட்டி பெத்தவங்க பண்ற வேலையா இது என்று முனகிக்கொண்டே அவர் பெருக்குவார். பகடை இருக்கிற இடத்தில் திருட்டும் இருக்கும் என்று வேறு நம்பினார். கூடப்பிறந்தவனே சட்டைக் கைக்குள் சீட்டைச் செருகியதைப் பார்த்தவர்.

அன்று அந்த மூவரில் ஒருத்தியான நர்ஸம்மாவின் முறை. கதையில் அவள் ஒரு படகுக்காரி. வருஷக்கணக்காக அதே வேஷம். வெள்ளத்தில் அறுந்துகொண்டிருந்த பாலத்தின் கயிற்றைத் தோளில் தாங்கி, மற்ற இருவரையும் கரையேற்றிவிட்டாள். இனி அவள் தப்ப வேண்டும். பதினைந்துக்கு மேல் விழுந்தால் பிழைப்பாள், குறைந்தால் செத்தாள். செத்த வேஷம் திரும்பி வராது என்பது அந்த மேசையின் வழக்கம்.

உருட்டினாள். பகடை மேசை விளிம்பைத் தாண்டிக் குதித்து, காவல்காரரின் துடைப்பத்தில் முட்டி நின்றது.

"என்ன விழுந்திருக்கு பெரியவரே?" என்றான் கதை சொல்பவன். நர்ஸம்மாவின் சொந்தத் தம்பி.

குனிந்து பார்த்தார். "பதினெட்டு."

மற்ற இருவரான மெக்கானிக்கும் தையல்காரியும் அப்போதுதான் மூச்சே விட்டார்கள். நர்ஸம்மா கையை நீட்டினாள். "தரையில விழுந்தது செல்லாது. இங்க குடுங்க."

"அக்கா, கதை நடத்துறவன் சொல்றேன், செல்லும்."

"போன வாரம் மெக்கானிக் அண்ணனுக்கு இருபது விழுந்துச்சே தரையில. செல்லாதுன்னு சொன்னது யாரு? நான்தானே."

"அட, கதையில ஒரு குதிரைதானே போச்சு. அத அன்னிக்கே மறந்தாச்சு தங்கச்சி" என்றார் மெக்கானிக்.

"நான் மறக்கலையே."

பகடையைக் கொடுக்கக் காவல்காரருக்கு மனசே வரவில்லை. தட்டிக்கேட்க ஆளில்லை. நடத்துகிறவனே விட்டுக்கொடுக்கிறான். ஜெயித்த பிறகு மறுபடி உருட்டக் கேட்கிற பிறவியை அவர் ஆயுசுக்கும் கண்டதில்லை. அவள் உள்ளங்கையில் வைத்தார்.

மறுபடி உருட்டினாள். நான்கு.

தம்பி, கயிறு அறுந்ததை, தண்ணீர் அவளை மூடியதை, துடுப்பு மட்டும் கரையில் ஒதுங்கியதைச் சொன்னான். மெக்கானிக் எழுந்து நின்றார். தையல்காரியும் எழுந்தாள். யாரும் சொல்லி எழவில்லை. காவல்காரருக்குச் சிமெண்டுத் தரையில் தண்ணீர் ஏறுவதுபோல் இருக்கவே, காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தாமும் விறைப்பாக நிற்பது அப்புறம்தான் தெரிந்தது.

சட்டென்று துடைப்பத்தை எடுத்தார். மேசையை ஒட்டிய இடத்தைப் பெருக்காமலே சுற்றிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"இல்லாத ஆறு, இல்லாத பொம்பளை" என்று முனகினார். "நாளைக்கு வீட்டைப் பாகம் பிரிக்கட்டும், அப்பத் தெரியும் இந்த அக்கா தம்பி லட்சணம்."