நர்ஸம்மா கைகோத்து நடந்த கதை

பஸ் டிரைவருக்கு நெஞ்சுவலி வந்து நாலு மாதம் ஆகிறது. வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். ஆனால் அந்த வீட்டில் டாக்டர் சொல் எடுபடாது. நர்ஸாக இருக்கும் மனைவி தலையாட்டினால்தான் காரியம் நடக்கும். அவளோ, "லீவுக்குப் போய்ட்டு வந்து சொல்றேன்" என்று இழுத்தடித்தாள். ஸ்டியரிங் பிடிக்காத கை இருந்தென்ன, போயென்ன?

ஆகவே இந்தக் கடற்கரைக்கு வந்த மறுநாளே அவர் முடிவு கட்டிவிட்டார். கரையோரமாகவே நடந்து, கோடியில் மேட்டின்மேல் தெரிகிற கலங்கரை விளக்கத்தைத் தொட்டே தீருவது. அப்புறம் இவள் என்ன சாக்குச் சொல்கிறாள் என்று பார்த்துவிடலாம்!

"முடியலன்னா உடனே சொல்லணும்," என்றாள் மனைவி, செருப்பை மாட்டிக்கொண்டே.

"உனக்கு முடியலன்னா சொல்லு, தூக்கிட்டு வர்றேன்."

சீசன் இல்லாத நேரம். ஐஸ்கிரீம் கடைகளுக்குப் பூட்டு. கவிழ்த்துப் போட்ட படகுகளின் நிழலில் நாய்கள் தூங்கின. சந்து முனைகளில் ஈ காக்கை இல்லை. ஆனாலும் டிரைவர் பழக்கம் விடுமா, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவரைத் தாண்டும்போது, மனைவி சட்டென்று அவர் கையைப் பிடித்தாள்.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாண போட்டோவில்கூட ஒரு முழம் தள்ளி நின்றவள் ஆயிற்றே! கடல்காற்று வேலை செய்கிறது போலும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மறு கையால் மீசையை நீவினார்.

"கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, இன்னும் கையை விட மாட்டேங்கறாங்க," என்று பெயின்டரிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தார். பெயின்டர் சிரித்தார்.

கொஞ்ச தூரத்தில் விட்டாள். மறுபடி பிடித்தாள். மேடு தொடங்கியதும் விடவே இல்லை. அவர் உற்சாகத்தில் தன் பழைய கண்டக்டர் ஜோக்கை எடுத்துவிட்டார். வழக்கமாகத் தலையில் அடித்துக்கொள்கிறவள் வாயே திறக்கவில்லை. திரும்பிப் பார்த்தார். அவள் உதடு ஏதோ முணுமுணுத்தது. கண் கைக்கடிகாரத்தில். இரண்டு விரல் அவர் மணிக்கட்டில்.

"அடிப்பாவி! பல்ஸா பாக்கற?"

அவள் எண்ணி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"நான் என்னமோ ஏதோன்னு... ச்சே! அந்த ஆள்கிட்ட வேற பெருமை பேசிட்டு வந்தேன்." அவருக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன.

"அன்னிக்கு ஆம்புலன்ஸ்ல இதே இடத்தைத்தான் தொட்டுப் பார்த்தேன்," என்றாள் அவள். "ஒண்ணும் கிடைக்கல. எத்தனையோ பேருக்குப் பார்த்த கைங்க இது. அதுக்கப்புறம் யார் என்ன சொன்னாலும் என் விரல் நம்ப மாட்டேங்குது."

டிரைவர் கையை அவளிடமே விட்டுவிட்டு மேட்டை ஏறி முடித்தார். கலங்கரை விளக்கத்தின் சுவரைத் தொட்டுவிட்டு, அவரே மணிக்கட்டை நீட்டினார். அவள் நிதானமாகப் பார்த்தாள்.

"எப்படி?"

"நல்லா இருக்கு. எங்க வார்டுல இருந்தா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். திங்கக்கிழமை டியூட்டிக்குப் போங்க."

ஜெயித்துவிட்டார்! துள்ளிக் குதிக்க வேண்டிய மனுஷன், என்ன தோன்றியதோ, அவள் செய்த மாதிரியே அவள் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தார். அவருக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, அப்படி அடித்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது, உனக்கு இந்த ஓட்டம் ஓடுது?"

"நாலு மாசமா இப்படித்தான் ஓடுது," என்றாள்.

அவர் விரலை எடுக்கவில்லை. "உக்காரு. இது அடங்கட்டும், அப்புறம் இறங்கலாம்," என்றார்.