மண்பிள்ளைக்குப் போட்ட உப்பு

செனோபியாவின் வயிறு தெரியத் தொடங்கியதும் ஊர் ஒரு முடிவுக்கு வந்தது: மண்பிள்ளை என்று அவர்கள் சொல்லும், பல்லிபோன்ற காட்டு உயிர்தான் காரணம். காட்டில் பாசி பறிக்கப் போனவள் ஈரத்தரையில் உட்கார்ந்திருப்பாள், அது உடம்புக்குள் ஏறியிருக்கும். கல்யாணமாகாத பெண்ணுக்கு இப்படி ஆனால் அந்த மலையில் அப்படித்தான் சொல்வார்கள். யாருக்கும் கெட்ட பெயர் வராது. அவள் அம்மா ஒத்திலியாவும் அதையே பிடித்துக்கொண்டாள்.

மண்பிள்ளையைக் கொல்ல ஒத்திலியா கொடுத்த உப்பு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எலிசேயோ முன்னால் நடந்தான். இந்த வருடம் ஊர்ப் புனிதரின் திருவிழாவை எடுத்து நடத்துகிறவன். பெண்டாட்டி பிள்ளைகள் உள்ளவன். அது இருக்கும் மரத்தைக் காட்டச் செனோபியாவையும் இழுத்துக்கொண்டு பின்னால் ஊரார் வந்தார்கள்.

மேகம் இறங்கி நிற்கும் காடு. பெரிய ஓக் மரத்தின் கவட்டில், அன்னாசிபோல் இலைவிரித்து ஒட்டி வளரும் செடிகளில் மழைநீர் தேங்கியிருக்கும். அந்த இலைமடிப்புக்குள்தான் மண்பிள்ளை பகலைக் கழிக்கும். விரல் நீளம், செம்பட்டை முதுகு. நுரையீரல் கிடையாது, நனைந்த தோலால் மூச்சுவிடும், தோல் காய்ந்தால் செத்துவிடும். கீழ்ச்சரிவெல்லாம் காப்பித் தோட்டமான பிறகு, இந்த ஒரு மரத்தில்தான் செனோபியா அதைப் பார்த்திருக்கிறாள்.

எலிசேயோ ஒரு செடியைப் பிடுங்கி உதறினான். கீழே விழுந்ததன்மேல் கைநிறைய உப்பை எறிந்தான். அது சுருண்டது. வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

"எப்படி நெளியுது பாத்தீங்களா? குத்தமுள்ள நெஞ்சு."

"மரத்தையே கொளுத்திடலாம் டோன் எலிசேயோ," என்றான் ஒருவன். "குடும்பமே மேலதான் இருக்கும்."

"கொளுத்து. நம்ம பொண்ணுங்க மானம் முக்கியம்."

தீக்குச்சி ஈரத்தில் பற்றவில்லை. செனோபியா எலிசேயோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சும்மா இருந்தால் போதும். மரம் எரிந்துவிடும், அம்மா தலைநிமிர்ந்து கோயிலுக்குப் போவாள். காப்பிக் கொட்டகையில் செனோபியாவிடம் ஆசை வார்த்தை பேசியபோதும் அவனுக்கு இதே பக்தி முகம்தான். அவன் கைவிட்ட நாளில்கூட இவ்வளவு அருவருப்பு வரவில்லை. விரல் நீள உயிருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இந்த ஆண்பிள்ளைக்கு ஊரே துணைக்கு வரவேண்டியிருக்கிறது.

"அதோட முன்னங்கையப் பாருங்க," என்றாள். "நாலு விரல். எனக்குப் பொறக்கறதுக்கு அஞ்சு இருக்கும். காது வேணா உன் காது மாதிரி மடிஞ்சிருக்கும். அதுக்கும் உப்புப் போடுவியா எலிசேயோ?"

டோன் என்ற மரியாதைச் சொல் இல்லாமல் அவனை யாரும் கூப்பிட்டு வெகுகாலமாகியிருந்தது.

"பித்துப் பிடிச்சுப் பேசறா," என்றான். அவன் கை அதற்குள் காதை மறைத்திருந்தது.

"அதுக்குப் பேச வராது. உனக்கு வரும், கொட்டகைல நல்லாத்தான் பேசினே. அது உன்னைவிட ஒசத்தி."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். தீப்பெட்டி வைத்திருந்தவன் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஒத்திலியா மகள் பக்கம் திரும்பவே இல்லை. நேராக எலிசேயோவிடம் போய் மூட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கொண்டா இப்படி," என்றாள். "வீட்ல அவரைக்கொட்டை உப்பில்லாம வெந்துகிட்டிருக்கு."