அபுல் ஹஸன் காக்காவின் குதிகாலில் பட்ட கல்

“பின்னால நிண்டவன் நீதானடா! கல்லும் நீதான் எறிஞ்ச!”

“வல்லாஹி இல்ல காக்கா. ரெண்டு கையாலயும் கயிறப் புடிச்சிக்கிட்டு நிக்கிறவன் எதால எறியிற? வாயாலயா?”

“போன மாசம் என்ன நொண்டிக் காக்கா எண்டு கூப்பிட்ட வாயி கல்லும் எறியும்டா. ‘டப்’ எண்டு குதியில பட்ட சத்தம் எனக்கே கேட்டிச்சி!”

கல்முனைக்குடிக் கடற்கரை வீதியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஸப்ரிக்கு, கடைக்குள் இருந்தபடியே இவ்வளவும் கேட்டது. வெளியே ஓடினான். கரைவலை பாதி கடலில் கிடந்தது. கயிற்றைப் பிடித்தபடியே இருபது பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அபுல் ஹஸன் காக்கா மணலில் குந்தி வலது காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கயிறு இழுத்த அஷ்ரப், முகம் வெளிறி நின்றான்.

ஸப்ரி குனிந்து காலைத் தொட்டான். தோலில் ஒரு கீறல் இல்லை. சிவப்பும் இல்லை. ஆனால் குதிகாலுக்கு மூன்று விரல் மேலே, தடித்த கயிறு மாதிரி நரம்பு நிற்கவேண்டிய இடத்தில், அவனுடைய பெருவிரல் பள்ளத்துக்குள் இறங்கியது.

அந்த இடம் அவனுக்கு நன்றாகத் தெரியும். மூன்று தடவை அவனே ஊசி ஏற்றிய இடம்.

ஸப்ரி டொக்டர் இல்லை. தனியார் டொக்டர் ஒருவரிடம் பன்னிரண்டு வருடம் கையுதவிக்கு நின்றவன். வயசாளிகளின் முழங்காலுக்கு அவர் ஸ்டீரொயிட் ஊசி போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். அவர் மௌத்தானதும் இந்தக் கடையைத் திறந்தான். ஊர் அவனை ‘டொக்டர்’ என்று கூப்பிட்டது. முதலில் மறுத்தான். பிறகு மறுக்கவில்லை.

கரைவலை இழுக்கிறவர்கள் கடலைப் பார்த்தபடி பின்பக்கமாகத்தான் நடப்பார்கள். மணலில் குதியை ஊன்றி ஊன்றி, உடம்புப் பாரம் முழுவதையும் அதிலே போட்டு இழுக்கவேண்டும். முப்பது வருடம் அப்படி இழுத்தவர் அபுல் ஹஸன் காக்கா. போன வருடக் கடைசியில் அவருக்குக் குதிநரம்பு வீங்கியது. காலையில் பாயை விட்டு எழும்பி முதல் அடி வைக்க முள்ளில் மிதித்த மாதிரி இருக்கும். கொஞ்சம் நடந்தால் இளகும், அந்திக்குத் திரும்பக் கொல்லும்.

“ஒண்டு போட்டு உடுடா ஸப்ரி. வலைக் காலம் வந்திட்டு. நான் போகாட்டி என்ட இடத்துல வேற ஆள் நிப்பான்.”

முழங்காலுக்குப் போடுகிற ஊசிதானே என்று குதியிலும் போட்டான். மூன்றாம் நாள் காக்கா துள்ளிக்கொண்டு வந்தார். “உன்ட கையில பரக்கத்து இரிக்கிடா!” இரண்டு மாதத்தில் மற்றது. பத்து நாளைக்கு முதல் மூன்றாவது. வலி போனது. வலியில்லாத காலை அவர் இன்னும் பலமாக ஊன்றினார். உள்ளே, ஊசி மருந்தால் மெலிந்த நரம்பு இற்றுக்கொண்டு வந்தது.

“விரல அசைச்சிப் பாருங்க காக்கா,” என்றான் ஸப்ரி.

விரல்கள் அசைந்தன.

“அசையிதுதானே. நரம்பு அறுந்திருந்தா அசையிமா? அது கல்லடிதான்,” என்றார் கூட்டத்தில் ஒருவர். ஸப்ரி ஐஸ் வைத்துக் கட்டச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனான்.

அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றியிருந்தால் கதை வேறு. காக்காவை எண்ணெய் போட்டுக் கட்டுகிற பரிசாரியிடம் கொண்டுபோனார்கள். ஐந்து கிழமை கட்டியிருந்தார்கள். வலை முதலாளி அஷ்ரபைக் கயிற்றிலிருந்து விலக்கினார். “பள்ளியில வந்து சத்தியம் பண்ணு, மறுகா கயிறத் தொடு.”

அஷ்ரபின் மனைவி ஸுஹைறா கடைக்கு வந்தாள். இடுப்பில் பிள்ளை.

“டொக்டர் காக்கா, நீங்கதானே முதல்ல போய்ப் பாத்த. கல்லு பட்ட காயம் இருந்திச்சா? அல்லாக்காகச் சொல்லுங்க.”

“காயம் ஒண்டும் நான் காணல்ல புள்ள.”

“அத அவங்களுக்கிட்டச் சொல்லுங்களேன்.”

“கேட்டாச் சொல்றன்.”

அவனிடம் எவரும் கேட்கவில்லை.

ஆறாவது கிழமை, கால் தரையில் இழுபடத் தொடங்கிய பிறகு, காக்கா ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்தார். துணைக்கு ஸப்ரியையே கூப்பிட்டார். எலும்பு டொக்டர் பவிதரன் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, இரண்டு பாதமும் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்க, இடது கெண்டைச் சதையைப் பிழிந்தார். இடது பாதம் கீழ்நோக்கி அசைந்தது. வலதைப் பிழிந்தார். பாதம் செத்த மீன் மாதிரிக் கிடந்தது.

“குதிநரம்பு முழுசா அறுந்திட்டு ஐயா. கல்லு இல்ல. இது அறக்குள்ள எல்லாரும் இப்பிடித்தான் சொல்ற, பின்னால ஆரோ அடிச்ச மாதிரி எண்டு. விரல இழுக்கிறது வேற நரம்பு, அதான் விரல் அசையிது. முதல்ல இந்த இடத்துல ஊசி ஏதும் போட்டீங்களா?”

காக்கா ஸப்ரியைப் பார்த்தார். ஸப்ரி சுவரைப் பார்த்தான்.

“இல்ல டொக்டர்,” என்றார் காக்கா.

டொக்டர் அதை அட்டையில் எழுதினார். முன்னமே, வீக்கத்தோடேயே வந்திருந்தால் ஓய்வும், குதியை மெல்ல மெல்லப் பலப்படுத்துகிற பயிற்சியும் போதும், மாதக்கணக்கில் செய்யவேண்டும், ஆனால் மாறும் என்றார். இனி வேறு இடத்து நரம்பை எடுத்துத் தைக்கவேண்டும். அப்படித் தைத்தாலும் கயிறு இழுக்கிற வேலை இனிச் சரிவராது.

திரும்பி வருகையில் ஓட்டோவுக்குள் காக்கா ஸப்ரியின் தொடையில் தட்டினார். “நீ பயப்புடாத. ஊசியச் சொன்னா உன்ன இழுத்துக் கொண்டு போவானுகள். எனக்கு நன்ம செஞ்சவன் நீ. அந்த டொக்டருக்கு என்ன தெரியும்? சத்தத்தக் கேட்டவன் நான். என்ட காலக் கெடுத்த ஹறாங்குட்டிய நான் உடமாட்டன்.”

ஸப்ரி சொல்லவேண்டிய இடம் அதுதான். ஓட்டோ பள்ளிச் சந்தியைத் தாண்டியது. சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அஷ்ரப் எழும்பி நின்றான். வாப்பா மௌத்தான நாளில்கூட அழாதவன் என்று சொல்வார்கள். குரல் உடைந்து, அல்லாஹ் மீது ஆணையாகத் தான் கல் எறியவில்லை என்றான். ஸப்ரி இரண்டாம் வரிசையில் இருந்தான். கதிரையில் இருந்த அபுல் ஹஸன் காக்கா கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் காட்டினார்.

“அப்ப இது என்னடா? பள்ளிக்குள்ள நிண்டு பொய்ச் சத்தியமா?”

இருநூறு பேர் அந்தக் காலைப் பார்த்தார்கள். பிறகு அஷ்ரபைப் பார்த்தார்கள். முதலாளி செருப்பைத் தேடிப் போனார். திங்கட்கிழமை விடிய அஷ்ரப் பொஞ்சாதி பிள்ளையை விட்டுவிட்டு அறுகம்பேக்குப் பஸ் ஏறினான், விடுதி ஒன்றில் கழிப்பறை கழுவுகிற வேலைக்கு. பொய்ச் சத்தியக்காரன் என்ற பேரும் கூடவே போனது.

ஸப்ரி இப்போது ஊசி போடுவதில்லை. கேட்டால் மருந்து முடிந்துவிட்டது என்கிறான். உண்மையை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கடை போகும், பொலிஸ் வரும், அபுல் ஹஸன் காக்கா நம்பவும் மாட்டார். சொல்லாவிட்டால் அஷ்ரப் இனி இந்தக் கடற்கரைக்கு வரமுடியாது.

வாசிக்கிற சகோதர சகோதரிகளே, உங்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். அந்த இரண்டாம் வரிசையில் ஸப்ரிக்குப் பக்கத்தில் நீங்கள் இருந்து, விஷயமும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், எழும்பியிருப்பீர்களா? சும்மா விருப்பம் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஓம் என்றோ இல்லை என்றோ, ஏன் என்றும் சேர்த்து, கீழே எழுதுங்கள்.