கஸ்தூரி குளிப்பாட்டிய புல்லட்

கஸ்தூரி பக்தியோடு கெடுத்த வண்டி அது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய அவள் வீட்டு மாட்டுக் கொட்டாயில், புருஷன் அருணகிரி மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன நாள் முதல் அந்த புல்லட் ஓடாமல் நின்றது. வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டுவாள். மாமியார் படத்துக்குக்கூட அத்தனை உபசாரம் நடந்ததில்லை.

அவளுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அவள் தம்பி எழில், தன் வண்டிக்கு அவசரமென்று எப்போதோ அதன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக்கொண்டு, ஓட்டையில் துணியைத் திணித்துவிட்டிருந்தான். அந்த மகராசன் அதைச் சொல்லவுமில்லை, திருப்பி மாட்டவுமில்லை. பூஜைக்குப் பூஜை துணி வழியாகத் தண்ணீர் இறங்கி, பிஸ்டன் சிலிண்டரோடு துருவேறி ஒட்டிக்கொண்டது.

அருணகிரி ஒரேயடியாக ஊர் திரும்புகிற சமயத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. எழில் கிக்கரை மிதித்தான், பாறையை மிதிப்பது போல இருந்தது. பிளக் கதையை அப்போதுதான் அக்காவிடம் ஒப்புக்கொண்டான். பெண்டாட்டியைப் பின்னால் உட்கார வைத்து மலையைச் சுற்றி வருவேன் என்று பேசிப் பேசியே அந்த மனுஷன் அங்கே காலத்தை ஓட்டியிருந்தார். அந்த ஆசையைத் தன் கையாலேயே அழித்துவிட்டோமே என்று கஸ்தூரிக்குச் சோறு இறங்கவில்லை.

எழில் டீசலும் ஆயிலும் கலந்து பிளக் ஓட்டையில் ஊற்றி ஊற வைத்தான். தினமும் ஊற்றினான். அவர் வரும் நாளும் வந்துவிட்டது. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, அக்காவும் தம்பியுமாகப் பின் சக்கரத்தைப் பிடித்து இழுத்தார்கள். இம்மியும் அசையவில்லை. எழில் சுத்தியலை எடுத்தான்.

"ஓட்டைல ராடு வெச்சு ஒரே போடு போட்டா எறங்கிடும்க்கா."

"நீ பண்ண வரைக்கும் போதும். கீழ வைடா."

அப்போது ஃபோன் அடித்தது. அருணகிரிதான்.

"பஸ்ஸு செஞ்சி தாண்டிடுச்சு. வண்டிய தொடச்சு வெச்சிருக்கியா?"

கஸ்தூரிக்குப் பொய் வரவில்லை. "எஞ்சின் புடிச்சிக்கிச்சுங்க. பூஜைன்னு தண்ணி ஊத்தி ஊத்தி நாந்தான் கெடுத்துட்டேன்."

பஸ் ஹாரனை மீறி அவர் குரல் வந்தது.

"அழுவாத. சக்கரத்த இழுக்காத, ஆட்டு. முன்ன கொஞ்சம், பின்ன கொஞ்சம். நான் லைன்லயே இருக்கேன்."

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு சீட்டின் மேல் வைத்துவிட்டு, பின் சக்கரத்தருகே உட்கார்ந்தாள். தூளி ஆட்டுவது போல ஆட்டினாள். செயின் தொய்வுக்கு மேல் சக்கரம் நகரவில்லை. வெளியே கிரிவலம் போகிறவர்களின் பேச்சு வந்து வந்து தேய்ந்தது. தோள்பட்டை விட்டுப்போயிற்று. எழில் மாற்றிக்கொள்ள வந்தான், விடவில்லை.

திடீரென்று கைக்குள் ஏதோ இளகியது. சத்தம் இல்லை, முறிவு இல்லை. சக்கரம் கட்டைவிரல் அகலம் கூடுதலாகப் போய், திரும்பி வந்தது. மறுபடி ஆட்டினாள். இன்னும் கொஞ்சம் போனது. பிளக் ஓட்டையிலிருந்து டீசல் வாடையோடு காற்று அவள் கன்னத்தில் பட்டது.

எழில் டார்ச் அடித்தான். உள்ளே, எண்ணெய் பளபளக்க, பிஸ்டன் இறங்கியது, ஏறியது. கஸ்தூரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இரண்டு ஆள் பலத்துக்கு மசியாத இரும்பு, இந்தச் சின்ன ஆட்டத்துக்கு இணங்கி மூச்சு விடுகிறதே. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போன அதே இடுக்கில்தான் டீசலும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கும்பிடத் தோன்றியது. கையை எடுத்தால் நின்றுவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

"என்னாச்சு? கஸ்தூரி?"

கிரீஸ் கையாலேயே ஃபோனை எடுத்து எழிலிடம் நீட்டி, பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். சக்கரத்தைச் சுற்றினாள். புஸ்ஸென்று காற்று வந்தது. மறுபடி சுற்றினாள்.

அந்தப் பக்கம் யாரோ, கண்டக்டராக இருக்க வேண்டும், கேட்பது காதில் விழுந்தது.

"இன்னா சார், ஒடம்பு எதனா சரியில்லயா? ஏன் சார் அழுவறீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க," என்றார் அருணகிரி. "வீட்டுலருந்து ஃபோன்."