நுரை பூசிய பலூன்

அந்தக் காலையில் தம்பி கடைசியாகச் செய்தது, அத்தானின் தட்டிலிருந்த ரொட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதுதான். "உங்க தொப்பைக்கு இது ஆகாது, அத்தான். என்னுது ஏற்கெனவே கெட்டுப்போன தொப்பை" என்று சொல்லிவிட்டு தான் வேலை பார்க்கும் முடிதிருத்தும் கடைக்குக் கிளம்பினான். மதியம் ஆள் இல்லாத நேரத்தில், கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவன் இதயம் நின்றுபோனது.

ஆனால் தம்பியை நினைத்தால் அக்காவுக்கு முதலில் அந்த நாள் வருவதில்லை. பலூன்கள்தான் வரும்.

அவளுடைய கணவரை அவன் வாய் நிறைய அத்தான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவில் எல்லோருக்குமே அவர் அத்தான் ஆகிவிட்டார். பேருந்து ஓட்டுபவர். எவ்வளவு பெரிய வண்டியையும் சந்துக்குள் திருப்பிவிடுவார். சவரக்கத்தியைக் கண்டால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார்.

மனச்சிதைவு நோய் வந்த புதிதில் தம்பியின் காதுக்குள் இரண்டு ஆண்கள் குடிவந்தார்கள். கெட்டதாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவன் செய்வதையெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். 'இப்போ சீப்பை எடுக்கிறான். இப்போ வைக்கிறான். ஏன் வைக்கிறான்?' ஓயாமல் இப்படிக் கேட்டால் யாரால் முடி வெட்ட முடியும்? கடையை விட்டான், தூக்கத்தை விட்டான், கடைசியில் பேச்சையும் விட்டான்.

மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில் அந்தக் குரல்கள் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி ஆயின. ஒரு நாள் அவன் சமையலறை வாசலில் வந்து நின்று, "அக்கா, வாடகை தராம இருந்தவங்க காலி பண்ணிட்டாங்க" என்றான். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன.

குரல்கள் போனதும் நடுக்கம் வந்தது. டீ கோப்பை சாசரோடு பேசும். முகம் இஸ்திரி போட்ட மாதிரி விறைத்திருக்கும். நடக்கும்போது கைகள் வீசாது, சும்மா உட்கார்ந்தால் விரல்கள் தாமாக ஆடும். கத்தி பிடிக்க வேண்டிய விரல்கள்.

இதை டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவாரோ, காலி பண்ணினவர்கள் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்துவிடுவார்களோ என்று மூவருக்குமே பயம். மருத்துவமனைக்குப் போகும் நாளில் வீட்டில் ஒத்திகையே நடக்கும்.

"கையைத் தொடைக்கு அடியில வச்சுக்க, மச்சான்" என்பார் அத்தான். "எல்லாம் நல்லாயிருக்கான்னு கேட்டா தலையை ஆட்டு. கை மாதிரி தலை தானா ஆடாது, நீதான் ஆட்டணும்."

"உங்க பஸ் மாதிரியா? ஸ்டார்ட் பண்ணாமலே ஆடுமே."

அப்படியே பல மாதம் தப்பித்தார்கள். ஒரு முறை டாக்டர் புதிதாக எங்கோ முடிவெட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு பக்கக் கிருதா காது நடுவில் நிற்க, மற்றது கன்னம்வரை இறங்கியிருந்தது. தம்பி கீழே பார்த்தான், சுவரைப் பார்த்தான். எவ்வளவு நேரம்தான் ஒரு தொழில்காரன் தாங்குவான்?

"டாக்டர், கோவிச்சுக்காதீங்க. இந்தப் பக்கம் இதோ இவ்வளவு கூட இருக்கு" என்று தொடைக்கடியிலிருந்து கையை உருவி நீட்டிவிட்டான். நீட்டிய விரல் காற்றில் இலை மாதிரி ஆடியது.

டாக்டர் கிருதாவைத் தடவிக்கொண்டே விரலைப் பார்த்தார். அக்கா கைப்பையை இறுக்கிப் பிடித்தாள்.

"இது எவ்வளவு நாளா?"

"மாத்திரை தொடங்கினதிலேர்ந்து" என்றாள் அக்கா. "சொன்னா நிறுத்திடுவீங்கன்னு..."

"நீங்களா நிறுத்திடுவீங்களோன்னு நான் பயந்துக்கிட்டிருக்கேன், நான் நிறுத்துவேன்னு நீங்க பயப்படறீங்களா?" என்று அவர் சிரித்தார். "மருந்து பண்ற நல்லதை மட்டும் சொன்னா எனக்குப் பாதிக் கதைதான் தெரியும். அளவைக் குறைக்கலாம், வேற மருந்துக்கு மெதுவா மாத்தலாம். குரல் திரும்பி வர்ற மாதிரி இருந்தா அன்னைக்கே சொல்லுங்க."

புது மருந்துக்கு மெல்ல மெல்ல மாறினான். குரல்கள் வரவில்லை. நடுக்கம் அடங்கியது. பதிலுக்குப் பசி வந்தது, எப்பேர்ப்பட்ட பசி. பெல்ட்டில் ஓட்டை போட இடமில்லாமல் போனது. காலையில் எழுப்ப ஒரு படையே வேண்டும். சர்க்கரை இருக்கிறதா என்று அடிக்கடி ரத்தம் பார்த்தார்கள், சாயங்காலம் அக்கா அவனை நடக்க இழுத்துப் போனாள். "நடுங்குற ஒல்லிக்கு நடுங்காத குண்டு தேவலை" என்று அவனே தீர்ப்புச் சொல்லிக்கொண்டான்.

மறுபடி வேலை கேட்டுப் பழைய கடைக்குப் போனான். முதலாளி நல்லவர், ஆனால் கறாரானவர். "கத்தரி பிடி, சீப்பு பிடி. கத்தி வேணும்னா முதல்ல ஒரு முகத்தைச் சவரம் பண்ணிக் காட்டு" என்றுவிட்டார்.

முகத்துக்கு முன்னால் பலூன். பழகுபவர்களுக்கு அதுதான் வழக்கம்: ஊதிய பலூனில் நுரை பூசி, அது வெடிக்காமல் கத்தியால் வழித்தெடுக்க வேண்டும். அத்தான் ஊதினார், அக்கா பிடித்தாள். முதல் பலூன் வெடித்து நுரை முழுக்க அத்தான் மூக்கில். அடுத்தது அக்கா தலையில். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு ஓடிவந்து, மூன்று பேரும் நுரையில் நனைந்து சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். சில நாளில் பலூன் வழவழவென்று முழுசாக நின்றது. தம்பி அதைக் கீழே வைக்க மனமில்லாமல் வைத்திருந்தான்.

"சரி, மச்சான். இதுக்கு மேல நான் ஊதினா நுரையீரல் வெடிச்சுடும்" என்று எழுந்தார் அத்தான். "முகம் நான் தர்றேன்."

கடையில் முதலாளி கைகட்டி நின்றார். அத்தான் நாற்காலிக் கைப்பிடியை ஸ்டீயரிங் மாதிரி பிடித்துக்கொண்டார்.

"அத்தான், மூச்சு விடலாம்."

"நீ வேலையைப் பாரு. நான் அப்புறமா விட்டுக்கறேன்."

கத்தி காதோரம் தொடங்கிக் கன்னத்தில் இறங்கி, தொண்டைக் குழியைச் சுற்றி வந்தது. ஒரு கீறல் இல்லை. முதலாளி டவலை எடுத்துத் தம்பியின் தோளில் போட்டார். நாளையிலிருந்து கத்தியும் பிடி என்று அதற்கு அர்த்தம். அத்தான் அன்று வழியில் பார்த்தவரிடமெல்லாம் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

அதன் பிறகு கடைசிவரை, மாத்திரையும் தூக்கமும் தொப்பையுமாக, தம்பி கத்தி பிடித்தான்.

அவன் போன பிறகு அத்தான் வெகுநாள் தாடியோடு திரிந்தார். பிறகு ஒரு நாள் தானாகவே அதே கடைக்குக் கிளம்பினார். அக்காவும் கூடப் போனாள். புதிதாகச் சேர்ந்திருந்த ஆள் நுரை பூசி, பாதியில் கத்தியை நிறுத்தினான்.

"சார், உங்களுக்கு இடது தாடையில மட்டும் முடி மேல்பக்கமா வளருது. யாராவது சொல்லியிருக்காங்களா?"

"சொல்லியிருக்காங்க" என்றார் அத்தான், கண்ணைத் திறக்காமல்.

அவன் கத்தியைத் திருப்பிப் பிடித்தான். அந்த இடத்தில் முடி இன்னமும் மேல்நோக்கித்தான் வளர்கிறது.