இரைச்சல் நீக்கிய பேட்டி

நாவலாசிரியரின் நூற்றாண்டு என்று வானொலிக்காரர்கள் ஒரு வாரமாகத் தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். வானிலை அறிக்கையைக்கூட அவர் நடையில்தான் வாசித்தார்கள். சோப்பு விளம்பரத்திலும் அவர்தான். அவருடைய மகள் அத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். இன்று நிலையத்துக்கு அவள் வந்ததே அப்பாவின் ஒரு பழைய பேட்டிக்காகத்தான். வீட்டில் வைத்துப் பதிவு செய்தது. நடுவில் சமையலறையிலிருந்து அம்மா, "ஏங்க, ஆறிப்போகுது, வாங்க" என்று கூப்பிடுவாள். செத்துப்போன அம்மாவின் குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை.

ஒலிநாடா ஓடியது. அப்பா பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். அந்த இடம் வந்ததும் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்பா சற்று நிறுத்தி, "வர்றேன், வர்றேன்" என்றார். அவ்வளவுதான்.

"தம்பி, இங்க ஒரு பொம்பளக் குரல் வருமே?"

ஒலிப்பதிவாளருக்கு முகமெல்லாம் பல். "இரைச்சல் எல்லாத்தையும் சுத்தமா எடுத்துட்டோம்மா. பழசை அழிச்சிட்டு அதே நாடாவுல இதை ஏத்தியாச்சு. இனிமே என்னைக்கும் ஐயா குரல் மட்டும்தான்!"

"அந்த இடத்தை இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். யாருமே கூப்பிடாமல் அப்பா மறுபடியும், "வர்றேன், வர்றேன்" என்றார்.