மோச்சிச் சம்பந்தியும் ஒரு செம்புத் தண்ணீரும்

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது; மறைக்கும் எண்ணமில்லை. 2004இல், லண்டனில், என் மகள் துளசி, நிலேஷ் என்ற குஜராத்திப் பையனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். என் மனைவி ருக்குமணியின் தம்பி பரமேஸ்வரன் போன் எடுத்தார்.

"அத்தான், பெடியன்ர குடும்பப் பேர் என்ன?"

"மோச்சி."

"மோச்சி எண்டால் என்ன ஆக்கள்?"

(நாங்கள் இதையே 'எந்த ஊர், ஊரில எந்தப் பக்கம்' என்று சுற்றி வளைத்துக் கேட்போம். குஜராத்தியருக்கு அந்தச் சிரமம் குறைவு. சோனி என்றால் பொன்வேலை, தர்ஜி தையல், மோச்சி செருப்பு. கட்டுரை என்று இந்த அடைப்புக்குறியைத் தாண்டியவர்கள் திரும்பி வரவும்.)

2.

உண்மையைச் சொன்னால் பரமேஸ்வரன் வரமாட்டார். துளசிக்குச் சகோதரம் இல்லை. மாப்பிள்ளையின் காலை வாசலில் கழுவி உள்ளே அழைக்கத் தாய்மாமன் வேண்டும். தம்பி வராத கலியாணத்தில் ருக்குமணி அழுதுகொண்டிருப்பாள்.

ஆகவே, "மந்திரிப் பரம்பரை" என்றேன். "அவையள் இல்லாமல் ராசா ஒரு அடி எடுத்து வைக்கமாட்டார்."

[இரண்டாவது வசனம் பொய்யில்லை. யோசித்துப் பாருங்கள்.]

பரமேஸ்வரன் அதை எட்மண்டன் வரை பரப்பினார். யானை ஒன்றையும் தானாகவே சேர்த்துக்கொண்டார்.

3.

'மண்டபத்துக்கு வெளியே மழை பெய்துகொண்டி...' லண்டனில் இது செய்தியா?

'பரமேஸ்வரனின் கோட்டுப் பொத்தான்...' வேண்டாம், அவர் வாசிப்பார்.

நேராகவே சொல்கிறேன். செம்போடு வாசலில் நின்ற பரமேஸ்வரன், மாப்பிள்ளையின் தகப்பன் ஜெயந்திபாயிடம் ஆங்கிலத்தில் விசாரித்தார்: "உங்கள் அரண்மனை எங்கே இருந்தது?"

ஜெயந்திபாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அரண்மனையா? என் அப்பா உகண்டாவில், கம்பாலாவில் செருப்புத் தைத்தவர். பர்மார் என்று ராஜபுத்திரப் பேராக மாற்று, லண்டனில் யாருக்குத் தெரியும் என்றார்கள் சொந்தக்காரர். அப்பாவின் பேரை நான் ஏன் கழற்ற வேண்டும்? மகன் போட்டிருப்பது அவர் கடைசியாகத் தைத்த சோடி!"

நானூறு பேருக்கும் கேட்டது. பரமேஸ்வரன் செம்போடு ஒரு அடி பின்வாங்கினார்.

"ஏலாது அத்தான். என்னால ஏலாது."

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துளசி வந்தாள். "தாங்கோ மாமா."

"பொம்பிளை இதைச் செய்யிறேல்லைப் பிள்ளை" என்றார் ஐயர்.

"இண்டைக்குச் செய்யிறாள், ஐயா."

நிலேஷ் சப்பாத்தைக் கழற்றினான். அவள் குனிந்து வலது காலைக் கழுவினாள். குஜராத்தியர் கைதட்டினார்கள்; பிறகு எங்கள் ஆட்களும். ருக்குமணி இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். முப்பது வருசமாக அந்த வித்தையை என்னிடம் மறைத்திருக்கிறாள்.

துளசி செம்பை மாமனிடம் நீட்டினாள். "மற்றக் கால் உங்களுக்கு."

4.

கலியாணம் ஜாம்ஜாமென்று நடந்தது; அதில் சந்தேகம் வேண்டாம். மற்றக் கால்தான் சிக்கல். பரமேஸ்வரன் சொல்லும் முடிவில் இரண்டு காலையும் அவரே கழுவினார். ருக்குமணி சொல்லும் முடிவில் அவர் கார் வரை போய்த் திரும்பினார். எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன், என் பொய்யால் வந்த பாடு போதும்.

இந்தப் பக்கத்தில் இடது கால் இன்னும் காய்ந்தபடி நிற்கிறது. துளசி செம்பை உங்களிடம் நீட்டுகிறாள்.

பிடியுங்கோ. ஏலாதெண்டால், நீங்கள் என்ன ஆக்கள் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ.